புல்லட்டும் நாமும்

மந்திர் மார்க் குடியிருப்பின் முற்றத்தில் தந்தையாரின் பழைய புல்லட் நிற்கிறது. 1955-இல் தோன்றிய என்பீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தயாரிப்பு. ஞாயிறுதோறும் நாமே கழற்றித் துடைத்து மாட்டுவோம். உதைத்தும் எழாவிடில், கான்டாக்ட் பாயின்டின் கரியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு மிகாமல் வைத்தால் பெரும்பாலும் முழங்கிவிடும். உதிரிப் பாகங்களுக்குக் கரோல் பாக் அருகிலிருப்பது நம் பாக்கியம்!

ஆயினும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாதென 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. டில்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசித்தவர் இதைக் குறைகூறார். பழைய இரும்புக்கு விற்க நமக்கும் மனமில்லை, இல்லாளுக்கும் மனமில்லை. தடையில்லாச் சான்று பெற்று, தொட்டியின் பெட்ரோலை முற்றும் வடித்து, சாக்குச் சுற்றி, ரயில் பார்சலில் ஊருக்கு அனுப்பவிருக்கிறோம். பாயின்ட் தேய்க்கும் முறையைத் தம்பிக்குக் கடிதத்தில் வரைந்தாயிற்று. உதைக்கும் பக்குவத்தைத்தான் எழுத்தில் சொல்ல இயலவில்லை.