வெள்ளைக் கோடு

பிப்ரவரி 6, 2025, வியாழன். தை 24.

பரவையை விட்டுக் கிளம்பும்போது மணி அதிகாலை மூன்றேகால். மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறங்கிக்கொண்டிருந்தது. தலைச்சுமையோடு நின்ற ஒருவர், "எனக்கும் சேத்து ஒரு அரோகரா போட்ருங்க சாமி" என்றார். பூசம் 11ஆம் தேதி. பழனிக்கு இங்கிருந்து 110 கிலோமீட்டர் சொச்சம்.

நாலு பேர்: குருசாமி, அத்தை, மச்சான், நான். குருசாமிக்கு இது 22ஆவது வருஷம், எனக்கு முதல். அது என் பையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முறுக்கு, அதிரசம், அவல், போர்வை, குடை, பவர்பேங்க், நாலு பாட்டில் தண்ணீர். குருசாமி கையில் ஒரே ஒரு மஞ்சப்பை. அதற்குள் துண்டு, வேட்டி, ஊசி நூல்.

சமயநல்லூர் தாண்டும்வரை பேச்சு இருந்தது. அப்புறம் இல்லை. லாரி ஒவ்வொன்றும் கடக்கையில் அதன் காற்று ஆளை ஒரு எட்டு தள்ளிவிட்டுப் போனது. விடிந்தபோது வலப்பக்கம் சிறுமலை, இடப்பக்கம் அறுப்பு முடிந்த வயல். பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற பூமி.

அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைப்பாதையில் நடப்பவர்களின் வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்திருக்கிறேன். 3,500 கிலோமீட்டர். நாலைந்து நாள் சாப்பாட்டை முதுகில் சுமந்து, தீர்ந்ததும் சின்ன ஊரில் இறங்கி வாங்கிக்கொள்வார்கள். அடுத்த ஊர்த் தபாலாபீசுக்குத் தங்களுக்கே பார்சல் அனுப்பி வைக்கிறவர்களும் உண்டு. என் பையின் கனத்துக்கு அந்த வீடியோக்கள்தான் காரணம். இங்கே வாடிப்பட்டி வருவதற்குள் ஏழு இடத்தில் மறித்துக் கொடுத்துவிட்டார்கள். பொங்கல், சுக்குக் காபி, இட்லி, மறுபடியும் பொங்கல். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு வாய் வாங்கிக்கங்க சாமி" என்று கையைப் பிடித்துக்கொண்டார் ஒரு பெரியம்மா. பசி என்ற ஒன்றே வரவில்லை. முறுக்கு முதுகில் நொறுங்கிக்கொண்டிருந்தது.

வாடிப்பட்டி, மணி ஒன்பதரை. நான்குவழிச் சாலை ஊரைத் தொடாமல் போகிறது. நாங்கள் ஊருக்குள் திரும்பினோம். மெடிக்கல் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மேசைக்கு மேலாக எட்டி என் காலைப் பார்த்தார். பஞ்சு, பிளாஸ்டர், வோலினி மூன்றையும் எடுத்து வைத்தார். "தோலை மட்டும் பிச்சிராதீங்க" என்றார்.

கடையை ஒட்டிய திண்ணையில் குருசாமி என் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். ஊசியைத் தீக்குச்சியில் காட்டி, ஒரு ஓரத்தில் குத்தி மறு ஓரத்தில் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு நறுக்கினார். தண்ணீர் நூல் வழியாகக் கசிந்தது. வலியைவிட, வயசில் மூத்தவர் மடியில் காலை வைத்திருக்கும் கூச்சம்தான் அதிகம். டாக்டர்கள் இந்த நூல் வைத்தியத்தைத் திட்டுவார்கள். எனக்கும் தெரியும்.

மதுரை பஸ் வந்தது. ஜன்னலோரம் எங்கள் தெருக்காரம்மா. அத்தை என் பையை அப்படியே ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டது. "நம்ம ஸ்டாப் டீக்கடையில குடுத்துருக்கா." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ் நகர்ந்தபோது தோள் இரண்டும் தானாக மேலே எழும்பின.

பன்னிரண்டு மணிக்கு மேல் தார் கொதித்தது. வெறுங்காலுக்கு ஒரே வழி, ரோட்டோரம் போட்டிருக்கும் வெள்ளைக் கோடு. கறுப்பில் வைத்த கால் துள்ளும். வெள்ளையில் கொஞ்சம் நிற்கும். சாண் அகலம்கூட இல்லாத பெயிண்டின் மேல் நாலு பேரும் எறும்பு மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போனோம். ஒட்டன்சத்திரம் பக்கம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று தனி நடைபாதை உண்டு. இங்கே இந்தக் கோடுதான். அந்தப் பக்கம் எண்பதில் போகிற கார். இதைப் பக்தி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனசில்லை.

நடையில் குருசாமி எடப்பாடிக்காரர்களைப் பற்றிச் சொல்லி வந்தார். பூசக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு காவடியோடு வந்து, மலை மேலேயே ராத்தங்குவார்களாம். அவர்களோடு ஒரு தடவை போக வேண்டும் என்பது அவர் ஆசை.

கொடைரோடு டோல்கேட், மாலை ஆறே முக்கால். கார்கள் வரிசை கட்டி நின்றன. நாங்கள் ஓரமாக, காசு கொடுக்காமல் நடந்து தாண்டினோம். மச்சானுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு தகரக் கொட்டகையில் படுக்க இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து போன். பை வந்து சேர்ந்துவிட்டதாம், பிள்ளைகள் முறுக்கைப் பிரித்துவிட்டார்களாம். "போர்வையையும் சேத்து அனுப்பிட்டீங்களே, தைப் பனியில என்னத்தப் போத்துவீங்க?"

குருசாமி மஞ்சப்பையிலிருந்து வேட்டியை எடுத்து, உதறி, நீளவாக்கில் விரித்துக்கொண்டிருந்தார்.