முதல் ஐந்தோடு நின்ற ஆட்டம்

அக்கா மகன் விளையாடிக்கொண்டிருந்த வீடியோ கேமில் காலடிச் சத்தம் எழுத்தாகவே நடந்து போனது. சுவருக்கு அந்தப் பக்கம் காவல்காரன். ஆள் தெரியவில்லை, 'டப் டப் டப்' என்று எழுத்துகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. குறி பார்த்துத் தலையில் சுட்டால் திரையின் மேல்பக்கம் மூன்று கட்டங்கள் திறந்து, விழுகிறவனைத் துண்டு துண்டாகக் காட்டுகின்றன. ஓரத்தில் நின்று பார்த்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாயகனின் காறை எலும்புக்குப் பக்கத்தில் ரோமன் எண்ணில் பதின்மூன்று என்று பச்சை குத்தியிருந்தது. லயன் காமிக்ஸ் தமிழில் தந்த நம் 'இரத்தப் படலம்'!

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. கடற்கரையில் குண்டடிபட்டு ஒதுங்கிய ஒருவன், தன் பெயரைக்கூட மறந்துவிட்டான். அமெரிக்க ஜனாதிபதியைக் கொன்றவன் இவன்தான் என்கிறது உலகம். வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த இந்தத் தொடரின் முதல் ஆல்பம் பிரெஞ்சில் 1984இல் வந்தது. சிவகாசியிலிருந்து எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கோடையில் பிரான்சிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்தால், திரும்பிப் போகும்போது பெட்டியின் கனத்தைக் குறைக்கப் புத்தகங்களை இங்கேயே விட்டுப் போவார்கள். அப்படிக் கிடந்தவற்றில் இந்தத் தொடரின் ஆல்பங்கள் சில இருந்தன. கெட்டி அட்டை, வழுவழுத் தாள், முழு வண்ணம். என் கையில் இருந்ததோ சாணித்தாளில் அச்சான கறுப்பு வெள்ளை.

"இன்னா தம்பி, உன் புக்குல கலரே இல்ல?" என்றார். இரண்டையும் தாழ்வாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தோம். அதே கடற்கரை, அதே அலை, தூண்டிலோடு வரும் அதே கிழவர். நான் வெறும் கோடாகப் பார்த்திருந்த வானம் அவர் புத்தகத்தில் நிறத்தோடு இருந்தது. ஏமாற்றமாக இல்லை. கோடுகள் எவ்வளவு சுத்தமானவை என்பது என் புத்தகத்தில்தான் தெரிந்தது. தாத்தா பிரெஞ்சை உரக்கப் படித்துத் தமிழில் சொல்வார், நான் என் பலூனைப் படிப்பேன். அவரிடம் இருந்த ஆல்பங்கள் வரிசையாக இல்லை, நடுவில் ஓட்டை. என்னிடமும் ஓட்டைதான், ஆனால் வேறு இடங்களில். அவரிடம் இல்லாததை நான் சொல்ல, என்னிடம் இல்லாததை அவர் சொல்ல, ஜெனரல் காரிங்டன் யார் பக்கம் என்று ஒரு மத்தியானம் முழுக்க வாதாடினோம். பிறகு நான் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைப் பக்கம் போய் வந்தால் வாசலிலேயே கேட்பார்: "அடுத்தது வந்துச்சா?" எழுபது வயசுக்காரர் ஒருவர் ஒரு சிறுவனின் கையை எதிர்பார்த்து நின்றதை என்னால் மறக்கவே முடியாது.

ரசிகனின் ஏக்கம் இரண்டு வகை. அடுத்தது என்ன என்று தெரியாமல் தவிப்பது ஒன்று. வரிக்கு வரி மனப்பாடமானதை மறுபடி கையில் வாங்கத் துடிப்பது இன்னொன்று. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை இன்றும் மறுபதிப்பு கேட்கிறவர்கள் இரண்டாவது வகை. புத்தகக் கண்காட்சி ஸ்டாலில் இந்த இரண்டு கட்சியும் மோதிக்கொள்ளும். "பழசையே எத்தனை வாட்டி போடுவாங்க?" என்று ஒருவர், "ஸ்பைடர் எப்போ சார்?" என்று பழைய நாயகனைக் கேட்டு இன்னொருவர். எனக்கு இரண்டு பேரையும் கட்டிக்கொள்ளத் தோன்றும். இடையில் மெலிந்துபோயிருந்த லயன் 2012இல் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று எழுந்து வந்தது இவர்களை நம்பித்தான். 'இரத்தப் படலம்' 2010இல் கறுப்பு வெள்ளையில் ஒரே குண்டுப் புத்தகமாக வந்தது. வாசகர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, முன்பதிவு செய்து, 2018இல் வண்ணத்திலும் வாங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் வான்ஸ் காலமானார்.

வீடியோ கேம் ரசிகர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அக்கா மகன் ஆடிய அந்த ஆட்டத்தை யூபிசாஃப்ட் முதலில் 2003இல் வெளியிட்டது. காமிக்ஸ் பக்கம் அசைந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கடைசிக் காட்சியில் ஒரு திருப்பம், 'தொடரும்'. தொடரவில்லை. ரசிகர்கள் பதினேழு ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2020இல் வேறொரு நிறுவனம் பழைய ஆட்டத்தையே புதுசாகச் செய்து விற்றது. கோட்டோவியத்தின் அழகு போய்விட்டது, கோளாறுகள் மலிந்திருந்தன, வெளியிட்டவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். 2022இல் இன்னொரு குழு உட்கார்ந்து செப்பனிட்டு, முன்பே வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. அந்தக் குழுமேல் எனக்கு மரியாதை உண்டு. மறுபதிப்பு செய்கிறவனுக்கு முதல் பதிப்பின் மேல் வாசகனைவிட ஒரு பிடி அதிகமாகவே அன்பு இருக்க வேண்டும்.

ஆனாலும் முடிவு அதே இடத்தில்தான் நிற்கிறது. அக்கா மகன் அந்தக் கடைசிக் காட்சிவரை போய்விட்டு, "மாமா, அப்புறம்?" என்றான். குண்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆட்டம் தொட்டது முதல் ஐந்து ஆல்பங்களைத்தான். வான் ஹாம் 2007இல் பத்தொன்பதாவதோடு தன் கதையை முடித்துவிட்டார். மீதிப் பதினான்கும் கட்டம் கட்டமாக, வசனத்தோடு, வரைந்து தயாராக இருக்கின்றன. யாராவது ஒரு ஸ்டூடியோ எடுத்துச் செய்யட்டும். செய்தால் சந்தா கட்டுவதுபோல முன்பணம் கட்ட நான் தயார்.