அப்பாவின் வயிறும் ஒரு நீலக் கவரும்

எங்க நாகர்கோவில்ல பெரிய வியாதின்னா திருவனந்தபுரம்தான். அப்பாவையும் நிமோனியான்னு அங்கேதான் சேர்த்தாங்க. சளி குறைஞ்சு எட்டாம் நாள் வயிற்றுப்போக்கு. அம்மா கேன்டீன் இட்லியைத் திட்டினாங்க. டாக்டர் சொன்ன பேர் வேற: க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்.

ஆன்டிபயாடிக் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளைக் கொன்னுடும். இது மட்டும் தப்பிச்சு காலி இடத்துல பெருகும். எர்ம்-பி மரபணு உள்ள வகையை க்ளிண்டமைசினும் அசித்ரோமைசினும் ஒண்ணும் செய்யாது. இதோட வித்துகள் ஆல்கஹால் ஜெல்லுக்கும் மசியாது. "அக்கா, சோப்பு போட்டுக் கழுவு"ன்னு போன்லயே கத்தினேன். வான்கோமைசின் வாய்வழியாக் கொடுத்து பத்து நாள்ல அப்பா தேறிட்டார்.

2024ல கேரளாவில் ஆபரேஷன் அம்ரித்னு மருந்துக்கடைகள்ல சோதனை நடத்தினாங்க. சீட்டில்லாம ஆன்டிபயாடிக் கிடையாது, கொடுத்தாலும் நீலக் கவர்ல. நல்ல காரியம்.

இங்கே சிங்கப்பூர்ல? ஊர்லேர்ந்து வர்ற நண்பர்கள் பெட்டியில ஊறுகாய்க்குப் பக்கத்துலயே அசித்ரோமைசின் அட்டை :-)