அட்டையில் 31 எழுத்து

களியக்காவிளைச் சந்தையில் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் புழங்கும். சாளை விற்கும் அக்கா எங்களிடம் தமிழில் விலை சொல்லிக்கொண்டே, பாறசாலையிலிருந்து வந்தவரிடம் மலையாளத்தில் பேரம் பேசுவார். பெரியம்மை மகனான அண்ணனிடம் பேசத்தான் அங்கே யாருக்கும் தெரியாது.

அண்ணனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். காது கேட்கும், எல்லாம் புரியும். நாக்கும் உதடும்தான் வழங்காது. ‘ஆமாம்’ என்றால் கண்ணை மேலே உயர்த்துவார். ‘வேண்டாம்’ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழக்கடைக்காரர் அவர் தலைக்கு மேலாகப் பெரியம்மையைப் பார்த்து, “பையனுக்கு என்ன வேணும்?” என்பார். “மட்டி வாழைப்பழம் குடுங்க, அதுதான் அவனுக்கு இஷ்டம்” என்பாள் பெரியம்மை.

சித்தி பள்ளிக்கூட டீச்சர். ஒரு கோடை விடுமுறையில் பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் கட்டம் போட்டு, 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் எழுதினாள். 247 எழுத்தும் வேண்டியதில்லை. ‘ம்’ தொட்டு ‘அ’ தொட்டால் ‘ம’. அண்ணனின் மடங்கிய விரல் முட்டி கட்டங்களின் மேல் அலைந்து, வேண்டிய எழுத்தில் போய் நிற்கும்வரை நான் அட்டையைப் பிடித்திருப்பேன். பாதியிலேயே சொல்லை ஊகித்துச் சொல்லிவிடக் கூடாது என்பது சித்தியின் கண்டிப்பு.

அடுத்த சந்தைக்கு அட்டையும் வந்தது. கடைக்காரர் வழக்கம்போலப் பெரியம்மையைக் கேட்டார். “அவன்கிட்ட கேளுங்க அண்ணாச்சி” என்றாள் சித்தி. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். முட்டி மெல்ல நகர்ந்தது: ச், எ, ந், த், உ… செந்துளுவன் பழம்!

“மட்டி உனக்கு இஷ்டம்தானே மக்கா?” என்றாள் பெரியம்மை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் வாயில் கைவைத்து நின்றுவிட்டாள்.

அந்த அட்டை செய்த வேலையை இன்று கருவிகளும் செய்கின்றன. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலியில் படத்தைத் தொட்டால் குரல் வருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வாய்ப்பேச்சுக்கு மாற்றான வழிகளையும் தகவல் தொடர்பு என்றே ஏற்கிறது. ஆனால் எதிரே நிற்பவர் பேச முடியாதவரையே பார்த்துக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்காவிட்டால் எந்தக் கருவியும் பயன்படாது.

அந்தச் சந்தை நாளுக்குப் பிறகு ஒருமுறை, அண்ணனின் காலில் அறுவை சிகிச்சை செய்யலாமா என்று டாக்டர் கேட்டார். வீட்டில் எல்லாரும் செய்யலாம் என்றோம். சித்தி அட்டையை நீட்டினாள். ‘வேண்டாம்’ என்று எழுத்தெழுத்தாகத் தொட்டுக் காட்டினார் அண்ணன். கால் அவருடையது, அவர் சொன்னபடியே விட்டோம்.