ஒடம்பு புடிச்ச புள்ள

கிளினிக் வராந்தா. ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியலிலேயே பஸ் ஏறி வந்தவர்கள், கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நம்பருக்காகக் காத்திருக்கிறார்கள். பையனுக்குப் பத்து வயதிருக்கும். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அப்பாயி. ரொட்டிப் பொதியைப் பிரித்து இரண்டு முடித்துவிட்டான். மூன்றாவதுக்குக் கை நீள்கிறது.

"நல்லா ஒடம்பு புடிச்சிருக்கே! என்னா சத்து மாத்திர குடுக்கிறீங்க?" எதிர் பெஞ்சுக்காரி கேட்கிறாள்.

அப்பாயிக்கு முகம் மலர்கிறது. "எல்லாம் டொக்டரு குடுத்ததுதான். முன்ன தலைய செவுத்துல முட்டிக்குவான், கையில கெடைச்சத ஒடைப்பான். லயத்துல ஒருத்தரும் தூங்க ஏலாது. இப்ப தின்னுறான், தூங்குறான்."

மாத்திரை ரிஸ்பெரிடோன். ஓட்டிசம் உள்ள 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளின் அடங்காத ஆத்திரத்துக்கென 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆத்திரத்தைத் தணிக்கும், பசியைக் கிளப்பும். எடை கூடும், இடுப்பு பெருக்கும், இரத்தத்தில் சீனியும் கொழுப்பும் ஏறப் பார்க்கும். ஆனால் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். இலங்கை முழுவதற்கும் அது 17. இந்த மலையில் பிள்ளை கொழுத்தால் அதை யார் குறையென்று சொல்வார்?

கேட்டவளின் மகன் வேறு கதை. ஓரிடத்தில் நில்லாதவன், மெதில்பெனிடேட் எடுக்கிறான். காலையில் போட்டால் பகல் சோறு இறங்காதாம். கடித்த பாண் துண்டு கையிலேயே இருக்கிறது. மெலிவு கண்ணுக்குத் தெரிகிற குறை. டொக்டரிடம் சொல்ல அவளுக்கு நிறைய உண்டு.

ரொட்டி தின்றவன் ஸ்வெட்டரை நெஞ்சிலிருந்து முன்னே இழுத்து இழுத்து விடுகிறான். ரிஸ்பெரிடோன் சிலருக்குப் புரோலக்டின் என்ற ஹோர்மோனைக் கூட்டும். ஆண்பிள்ளைக்கும் மார்பு வைக்கும். அம்மாவின் கண் அங்கேயே நிற்கிறது. அப்பாயி இன்னும் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள்.

நம்பர் கூப்பிடுகிறார்கள். கதவு பாதி திறந்தே கிடக்கிறது. மிஸ்ஸி இடுப்பை டேப் வைத்து அளக்கிறார். டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பழைய எடையைத் தேடுகிறார்.

"வேற ஏதும் வித்தியாசம் இருக்கா?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா." அப்பாயி முந்திக்கொள்கிறாள்.

அம்மா எதுவும் பேசாமல் மகனின் ஸ்வெட்டரைத் தூக்கிக் காட்டுகிறாள்.

டொக்டர் பேனாவைக் கீழே வைக்கிறார். சட்டென்று நிறுத்தக்கூடாது, பழைய ஆத்திரம் திரும்பிவிடும். இரத்தம் சோதித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்கிறார்.

"கொறச்சா மறுபடி மெலிஞ்சிருவானே, ஐயா?" என்கிறாள் அப்பாயி.