கீறலும் கிறுக்கலும்

‘கிராபிற்றி’ என்னும் சொல் இத்தாலிய மொழியினின்று வந்தது. கீறுதல், சுரண்டுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுட் புதையுண்ட பொம்பேயி நகரச் சுவர்களில் எளிய மாந்தர் கீறிவைத்த பெயர்களையும் வசைகளையும் காதல் மொழிகளையும் குறிக்கவே 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் இச்சொல்லைப் பெரிதும் வழங்கினர்.

தமிழில் இதனைச் ‘சுவர்க்கிறுக்கல்’ என்பாருளர். கிறுக்கு என்பது பித்தையும் குறிக்குமாதலின், எழுதியவன் வாசிக்கப்படுமுன்னரே தீர்ப்புப் பெற்றுவிடுகிறான். ‘சுவரெழுத்து’ என்றாலோ தேர்தற்காலக் கூலியெழுத்தும் அதனுள் அடங்கிவிடும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பிள்ளைகள் படம் கீறுகின்றனர். பாடநூல்தான் ‘வரைக’ என்கிறது. (ஈழத்தின் பிற பகுதிகளிலும் இவ்வழக்குண்டு.) சுரண்டுதலும் சித்திரம் தீட்டுதலும் இந்த ஒரு வினையிலேயே அடங்கியிருக்க, ‘கீறல்’ என்பதை விடுத்து வேறு சொல் தேடுவானேன்?

காலமும் கீறலுக்குப் பெயர் மாற்றிச் சூட்டுகின்றது. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரிற் பண்டைய யாத்திரிகர் கீறிய சிங்களப் பாடல்களுள் 685ஐத் தொல்பொருளறிஞர் செனரத் பரணவிதான 1956இல் நூலாகப் பதிப்பித்தார். அவை இன்று இலக்கியச் செல்வம். அதே சுவரில் 2015இல் தன் பெயரைக் கீறிய மட்டக்களப்பு மாவட்டத்துப் பெண்ணொருத்திக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சனாதிபதியின் பொதுமன்னிப்பால் அவள் அவ்வாண்டே விடுதலையானாள். பழஞ்சுவரைக் காக்கும் சட்டம் வேண்டற்பாலதே; அதில் ஐயமில்லை. ஆயினும், அங்குப் பாடல் கீறிய பண்டையோருட் பலரும் தம் பெயரையும் ஊரையும் சேர்த்தே கீறிச் சென்றனர் என்பது நோக்கற்பாலது.