உண்பவர் வேறு, வாங்குபவர் வேறு

நாம் உண்ட உணவு உடம்புக்கு ஒவ்வாவிட்டால் வாய்விட்டுச் சொல்கிறோம். மறுநாள் அதை விலக்கிவிடுகிறோம். நம்மை நம்பி நம் இல்லத்தில் வாழும் பூனைக்கு அந்த வசதி இல்லை. உடம்பில் நோவு இருந்தாலும் அது பெரும்பாலும் வெளிக்காட்டாமல் மறைத்துக்கொள்கிறது. முன்பு முற்றத்திலும் கொல்லையிலும் திரிந்த பூனை, எலியையும் பல்லியையும் பிடித்துத் தன் தேவையைத் தானே நிறைவு செய்துகொண்டது. இன்று அடுக்குமாடி வீட்டின் கதவுக்குள் வாழும் பூனைக்கு நாம் தட்டில் இடுவதைத் தவிர வேறு வழியில்லை. பூனையை அடைத்துவைத்து, உணவும் இடாமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய நபிமொழியைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கதவை அடைத்தவருக்குப் பொறுப்புக் கூடுகிறது என்பதை அதிலிருந்து எவரும் உணரலாம்.

செல்பேசிச் செயலிகளின் திரைகளை வடிவமைப்பது என் தொழில். கால்நடை மருத்துவரான என் தோழியும், கணினி நிரல் எழுதும் என் தம்பியும், நானும் சேர்ந்து, பூனை வளர்ப்போர் நல்ல உணவைத் தேர்ந்தெடுக்க உதவும் செயலி ஒன்றை உருவாக்கி வருகிறோம். பணியைத் தொடங்குமுன் உறவினர், அண்டை அயலார் எனப் பலரிடம் விசாரித்தோம். அனைவரும் கேட்டது, "எந்த உணவு நல்லது? நட்சத்திரம் இட்டுக் காட்டிவிடுங்கள், போதும்" என்பதே.

நட்சத்திரம் இடுவது எளிது. எந்தப் பூனைக்கு நல்லது என்ற வினா அதற்குள் மறைந்துபோகும். வளரும் குட்டிக்கு ஏற்ற உணவு, கருத்தடை செய்யப்பட்டு வீட்டுக்குள் படுத்துக்கிடக்கும் பூனையைப் பெருக்க வைக்கும். சிறுநீரகம் பழுதுபட்ட முதிய பூனைக்கு வேண்டிய உணவோ முற்றிலும் வேறு. ஆகவே எங்கள் செயலியின் முதல் திரை எந்த நிறுவனத்தின் பெயரையும் காட்டுவதில்லை. பூனையின் வயது என்ன, எடை என்ன, கருத்தடை செய்யப்பட்டதா, நோய் ஏதும் உண்டா என்றே கேட்கிறது.

பூனை இறைச்சியைச் சார்ந்தே வாழவேண்டிய பிராணி. டாரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு தயாரித்துக்கொள்ள இயலாது. அது குறைந்தால் பார்வை கெடும்; இதயம் விரிந்து வலுவிழக்கும். 1987ஆம் ஆண்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். கடையில் வாங்கிய உணவை உண்டு வந்த பூனைகளே அந்நோய்க்கு ஆளாகியிருந்தன. அதன் பின்னரே பூனை உணவுகளில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது.

பையின் மீது அச்சிட்ட எண்களைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டப்பாவில் அடைத்த ஈர உணவில் புரதம் 10 விழுக்காடு, ஈரம் 78 விழுக்காடு என்றும், உலர் உணவில் புரதம் 30, ஈரம் 10 என்றும் இருப்பதாகக் கொள்வோம். பார்த்தவுடன் உலர் உணவே சத்து மிக்கதாகத் தோன்றும். நீரை நீக்கிக் கணக்கிட்டால், முன்னதில் எஞ்சும் 22 பங்கில் 10, அதாவது சுமார் 45 விழுக்காடு புரதம். பின்னதில் 90 பங்கில் 30, அதாவது சுமார் 33 விழுக்காடுதான். கடையில் நின்றுகொண்டு இக்கணக்கை எவர் போடுவார்? செயலி அதனைப் போட்டுக் காட்டுகிறது.

எண்ணும் சில வேளை ஏமாற்றும். 2007ஆம் ஆண்டு வட அமெரிக்காவில், சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. நைட்ரஜனின் அளவைக் கொண்டே புரதத்தைக் கணக்கிடுவது வழக்கமாதலால், நைட்ரஜன் மிகுந்த மெலமைன் சோதனையில் புரதமாகவே தோன்றியது. பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. பல நிறுவனங்களின் உணவுகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. அத்தகைய அறிவிப்பு வந்தால் உடனே தெரிவிக்கும் வசதியையும் சேர்த்திருக்கிறோம்.

மாதிரித் திரைகளை உம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை அணிந்துகொண்டு பொறுமையாகப் பார்த்தார்கள். "இத்தனை விழுக்காடு எனக்கு எதற்கம்மா? எத்தனை கரண்டி போடுவது, அதைச் சொல்" என்றார்கள். நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 முதல் 240 கிலோ கலோரி போதும். 100 கிராமில் 380 கிலோ கலோரி தரும் உலர் உணவாயின், அது சுமார் 60 கிராம்தான். இப்போது செயலி கிராமையும் காட்டுகிறது. வீட்டுக் கரண்டியை ஒருமுறை நிறுத்துச் சொன்னால், கரண்டிக் கணக்கையும் காட்டுகிறது.

உம்மா அடுத்துக் கேட்டதுதான் முக்கியமானது. "மீன் ஆணத்தில் சோற்றைப் பிசைந்து வைக்கிறேனே, அதற்கு இதில் இடம் இருக்கிறதா?" விலை கொடுத்துப் பை உணவு வாங்க இயலாத வீடுகள் எத்தனையோ உண்டு. அவர்களுக்கும் பயன்படவேண்டும் என்று அதற்கும் ஒரு பகுதி அமைத்தோம். ஆணத்தில் சேரும் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். மசாலா சேர்க்குமுன் மீனை எடுத்து, வேகவைத்து, முள்ளை நீக்கி வைப்பது நன்று. மீனும் சோறும் மட்டுமே நெடுநாள் உண்டால் பல சத்துகள் குறைவுபடும் என்பதையும் மருத்துவத் தோழி அங்கே விளக்கியிருக்கிறார்.

செயலி பாதி வளர்ந்திருந்தபோது, பூனை உணவு விற்கும் நிறுவனம் ஒன்று எங்களை அணுகியது. தங்கள் உணவை எல்லாத் திரையிலும் முதலாவதாகக் காட்டினால், ஓராண்டுச் செலவை ஏற்பதாகக் கூறியது. மூவரும் ஊதியமின்றி உழைத்துக்கொண்டிருந்தோம். தம்பிக்கு வீட்டு வாடகையே சுமையாக இருந்த நேரம். இரண்டு நாள் விவாதித்தோம். உம்மா, "அது நல்ல சாப்பாடுதானா?" என்று வினவினார்கள். "சில பூனைகளுக்கு ஏற்றது, சிலவற்றுக்கு ஏற்றதன்று" என்றார் தோழி. "அப்படியென்றால் அப்படியே போடுங்கள்" என்றார்கள் உம்மா. அவ்வாறே எழுதியனுப்பினோம். மறுமொழி வரவில்லை. தம்பி பகலில் வேறிடத்தில் வேலை பார்க்கிறான். பணி மெதுவாக நகர்கிறது.

செயலி வாய்மூடவேண்டிய இடமும் உண்டு. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கித் தவித்தாலோ, எந்தப் பூனையும் ஒரு நாளுக்கு மேல் உண்ணாதிருந்தாலோ, உணவின் பெயர் எதுவும் தோன்றாது. உடனே மருத்துவரிடம் செல்லுங்கள் என்ற வரி மட்டுமே தோன்றும்.

வாசக நேயர்களே, செயலி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பையை வாங்குமுன், அது முழுமையான சமச்சீர் உணவா, இடையில் தரும் தீனியா என்று பாருங்கள். எந்த வயதுக்கு உரியதென்று படியுங்கள். உணவை மாற்றும்போது ஏழு முதல் பத்து நாள் வரை பழையதுடன் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். மாதம் ஒருமுறை பூனையை நிறுத்து, எடையை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எடை குறைவதையும் கூடுவதையும் அது வாய்திறந்து சொல்லாது. அந்தக் குறிப்பு சொல்லும்.